மூன்றாம் முறை கேட்கும்போது

ஆல்ட்பர்ன்,
சகல ஆத்துமாக்கள் திருநாளுக்கு மறுநாள், 1243

அண்ணன் வைமண்டுக்கு,

தம்பி ஹேமோ எழுதுவது. நான் நலம். கை இரண்டும் வெடித்திருக்கின்றன. சுண்ணாம்பில் வேலை செய்கிற எல்லோருக்கும் உள்ளதுதான். உன் இருமல் நின்றதா? அந்த ஆற்றோர அறையை விட்டு வேறு அறைக்குப் போ என்று இரண்டு தடவை எழுதிவிட்டேன். போயிருக்க மாட்டாய்.

சேதிக்கு வருகிறேன். மிக்கேல் திருநாளுக்கு அடுத்த நாள் எங்கள் ஆயர் இறந்தது உனக்குத் தெரியும். இன்று காலை பேராலயக் குருமன்றம் கூடியது. பத்தொன்பது குருக்களும் ஒரே வாயாக உன்னை அடுத்த ஆயராகத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். அரசருக்கும் மறுப்பில்லையாம். உன் சம்மதத்தைக் கேட்க இரண்டு குருக்கள் நாளை குதிரை ஏறுகிறார்கள். இந்தக் கடிதத்தை ஒரு கம்பளி வியாபாரியிடம் கொடுக்கிறேன். அவர் குதிரை நல்ல குதிரை. அவர்களுக்கு முன்னால் வந்து சேரும்.

ஏன் நீ என்று விசாரித்தேன். இந்த ஊர்க்காரன், அரசரின் எழுத்தர்களில் பெரிய ஆள், யாரோடும் சண்டை போட்டதில்லை. இவ்வளவுதான் சொன்னார்கள். கிறிஸ்து பிறப்புக்குள் காரியம் முடியாவிட்டால் தேர்ந்தெடுக்கும் உரிமை பேராயருக்குப் போய்விடும். அவர் தன் ஆளை அனுப்பிவிடுவார் என்ற பயமும் இருக்கிறது.

என்னை யாரும் கேட்கவில்லை. ஆனாலும் சொல்கிறேன். நீ இதற்குத் தகுந்த ஆளா என்று எனக்குத் தெரியவில்லை. ஐந்து ஊர்க் கோயில்களின் வருமானம் வாங்குகிற பங்குக் குரு நீ. ஒன்றிலாவது பூசை வைத்திருக்கிறாயா? போன மாதம் கல் பார்க்க தோர்ன்பிக்குப் போயிருந்தேன். அங்கே உன் கோயிலில் பீடத்துக்கு நேர் மேலே கூரை ஒழுகுகிறது. பெருக்கிக்கொண்டிருந்த ஒரு அம்மா, "எங்க சாமி எப்ப வருவாரு, ஏதாச்சும் தெரியுமா?" என்றாள். "எந்தச் சாமி?" என்றேன். "அதான், எங்க ஊர் பேரைச் சொல்லி லண்டன்ல சாப்பிடுற சாமி" என்றாள். நான் உன் தம்பி என்று சொல்லாமல் வந்துவிட்டேன்.

இங்கே பேராலயத்துக்கு நாங்கள் கட்டுகிற வடக்குச் சுவரின் உச்சியை வைக்கோலும் சாணமும் போட்டு மூடியாயிற்று. ஈரக் காரைக்குள் உறைபனி புகுந்தால் சுவர் போச்சு. இனி தவக்காலம் வரை பட்டறைக்குள் உட்கார்ந்து கல் செதுக்குகிற வேலைதான்.

யோசித்துப் பதில் சொல். வேண்டும் என்றால் வேண்டும், வேண்டாம் என்றால் வேண்டாம்.

உன் தம்பி,
ஹேமோ


வெஸ்ட்மின்ஸ்டர்,
புனித மார்ட்டின் திருநாள்

கிறிஸ்துவுக்குள் என் பிரியத்துக்குரிய தம்பி ஹேமோவுக்கு, அவருடைய ஊழியரில் கடையவனாகிய வைமண்ட் ஆசியோடும் கண்ணீரோடும் எழுதுவது.

உன் மன்றத்தின் குருக்கள் இருவர் வந்தார்கள். அவர்கள் கொண்டுவந்த சேதியைக் கேட்கவும் நான் தகுதியற்றவன். மந்தையைக் காக்கும் பெரும் பாரத்தை என் போன்ற பலவீனனின் தோள் தாங்குமா? தரையில் விழுந்து, வேண்டாம் என்றேன். அவர்கள் தங்கி, மறுநாள் காலைப் பூசைக்குப் பிறகு மீண்டும் கேட்டார்கள். மீண்டும் வேண்டாம் என்றேன். கல்வியிலும் ஒழுக்கத்திலும் என்னிலும் மேலானவர்கள் ஆல்ட்பர்னிலேயே இருக்கிறார்கள். அவர்களில் ஒருவரை ஆண்டவர் காட்டுவாராக. என் மனநிலையை யாரேனும் உன்னிடம் கேட்டால் இந்தக் கடிதத்தையே படித்துக் காட்டலாம்.

இருமல் குறைந்திருக்கிறது. ஆட்டுத்தோல் கையுறை ஒரு ஜோடி அனுப்புகிறேன். உள்ளே கொழுப்புத் தடவிக்கொண்டு போடு. இனியாவது கழித்துப்போட்ட வரைபடத் தோலின் பின்பக்கத்தில் கடிதம் எழுதாதே. உன் வளைவுக் கோடுகளுக்கு நடுவே வார்த்தைகளைத் தேடிப் பிடிக்க வேண்டியிருக்கிறது.

உனக்காக மன்றாடும்,
வைமண்ட்


ஆல்ட்பர்ன்,
புனித அந்திரேயா திருநாளுக்கு முந்தின நாள்

அன்பு அண்ணனுக்கு,

கடிதமும் கையுறையும் வந்தன. கையுறை சரியான அளவு. கடிதத்தை மூன்று முறை படித்தேன். உன்னைத் தப்பாக நினைத்துவிட்டேன், மன்னித்துக்கொள். ஆயர் நாற்காலியைக் கொண்டுவந்து வாசலில் வைத்தும் ஒருவன் வேண்டாம் என்கிறான் என்றால் அவன் பெரிய மனுஷன்தான். பட்டறையில் எல்லோரிடமும் சொன்னேன்.

இங்கே நடந்ததைக் கேள். நேற்று இரண்டு குருக்கள் குளிர்காய்கிற சாக்கில் எங்கள் அடுப்புக்கு வந்தார்கள். ஒருவர் ஏல்மர் சாமி. எண்பது வயசு, நான்கு பல். மற்றவர் கோயில் பொக்கிஷத்தைப் பார்த்துக்கொள்கிற ஜெர்வஸ் சாமி. நீ இல்லையென்றால் அடுத்தது அவர்தான் என்று ஊரில் பேச்சு.

"மேஸ்திரி, உங்க அண்ணன் ரெண்டு தடவையும் வேண்டாம்னுட்டாராமே?" என்றார் ஜெர்வஸ்.

"ஆமா சாமி. எனக்கும் எழுதியிருக்காரு."

"சும்மா சொல்றாரா, மனசார சொல்றாரா?"

"வேண்டாம்னா வேண்டாம்தான் சாமி. இதுல என்ன சும்மா?"

ஏல்மர் சாமி இருமினார். "இல்லப்பா, இந்த விஷயத்துல ஒரு மொறை இருக்கு..." என்று ஆரம்பித்தார். "கூடப்பொறந்தவரே சொல்றாரு, விடுங்க சாமி. மேஸ்திரிக்குத் தெரியாதா?" என்று ஜெர்வஸ் சாமி அவரை மேலே பேச விடவில்லை.

நான் உன் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். "எங்க அண்ணன் உள்ள ஒண்ணு வெளிய ஒண்ணு பேசுற ஆள் இல்ல. வேற ஆளைப் பாருங்க" என்றேன். ஜெர்வஸ் சாமி என் தோளைத் தட்டிக் கொடுத்தார். ஆறு வருஷத்தில் இதுதான் முதல் தடவை. இன்று காலை மன்றத்துக்கு என்னைக் கூப்பிட்டார்கள். அதையே சுவிசேஷத்தின் மேல் கை வைத்துச் சொன்னேன். அடுத்த வாரம் புதிதாகத் தேர்தல். உன்னை இனி யாரும் தொந்தரவு செய்ய மாட்டார்கள். நிம்மதியாக இரு.

உன் தம்பி,
ஹேமோ


வெஸ்ட்மின்ஸ்டர்,
புனித பார்பரா திருநாள்

ஹேமோ,

என்ன காரியம் செய்துவிட்டாய்.

மூன்று முறை கேட்பார்கள். முதல் இரண்டு முறை மறுக்க வேண்டும். மூன்றாம் முறை அழுதுகொண்டே தலைகுனிய வேண்டும். ஆயர்கள் உண்டான நாளிலிருந்து இதுதான் முறை. கேட்டவுடன் சரி என்பவனைப் பதவி வெறியன் என்று ஒதுக்கிவிடுவார்கள். பூசைக்கு மணியடிக்கிற சிறுவனுக்குக்கூடத் தெரியும். மூன்றாம் முறை வருவார்கள் என்று அறையைச் சுத்தம் செய்து, இரண்டு வாரமாக வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். வந்தது உன் கடிதம்.

பதினாறு வயதில் இங்கே மை கரைக்க வந்தேன். அரசரின் முத்திரைக்குப் பக்கத்தில் நிற்க இருபத்து நான்கு வருஷம் பிடித்தது. எத்தனை முட்டாள்களுக்கு எழுந்து நின்றேன், எத்தனை பேரின் தவறுகளை என் தவறு என்றேன், உனக்குத் தெரியுமா? எல்லாவற்றையும் அடுப்போரம் நின்று ஒரு வாயில் ஊதித் தள்ளிவிட்டாய். அதுவும் ஜெர்வஸ் முன்னால். அதுவும் சுவிசேஷத்தின் மேல்.

எனக்கு இனி எழுதாதே.

வைமண்ட்


ஆல்ட்பர்ன்,
அமல உற்பவத் திருநாளுக்கு மறுநாள்

அண்ணனுக்கு,

எழுதாதே என்று சொல்லியிருந்தாய். சேதி இருக்கிறது, அதனால் எழுதுகிறேன்.

முதலில் என் பக்கம். மணியடிக்கிற சிறுவனுக்குத் தெரிவது எனக்குத் தெரியவில்லை என்கிறாய். நிஜம். நான் பன்னிரண்டு வயதில் கல் பட்டறைக்கு வந்தவன். "இந்தச் சாரம் தாங்குமா?" என்று எங்களில் ஒருவன் கேட்டால், அவன் மூன்றாம் முறை கேட்கட்டும் என்று யாரும் காத்திருப்பதில்லை. குருக்களிடம் நீ முறைக்கு அழுதாய், சரி. எனக்கு எழுதியதும் முறைக்குத்தானா? நான் அதை நம்பி, என் அண்ணன் இப்படிப்பட்டவன் என்று பத்து நாள் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்தேன்.

இப்போது சேதி. நேற்று மன்றம் கூடியது. மன்ற அறையின் ஜன்னல் சட்டங்களை மாற்றப்போகிறோம். அளவெடுக்க வெளியே சாரத்தில் நின்றிருந்தேன். பழைய கண்ணாடியைக் கழற்றியாயிற்று, எல்லாம் கேட்டது. ஜெர்வஸ் சாமியின் பெயரைச் சொல்லி முடித்து, எல்லோரும் ஆமென் சொல்லப் போகிற நேரத்தில் ஏல்மர் சாமி கம்பைத் தரையில் தட்டினார்.

"நாப்பது வருஷமா பாக்குறேன். மூணு ஆயர்கிட்ட சம்மதம் கேக்க நான்தான் போனேன். மூணு பேரும் வேண்டாம்னு அழுதாங்க. அழுதுகிட்டே, இவனுங்க நெஜமாவே கெளம்பிடுவானுங்களோன்னு ஒரு கண்ணால பாத்துக்கிட்டாங்க. இந்த ஒருத்தன்தான் மனசார வேண்டாம்னிருக்கான். தம்பிக்காரன் சத்தியம் பண்றான். வேண்டாங்கிறவன்கிட்ட கொடுக்காம வேற யாருகிட்டய்யா கொடுக்கப் போறீங்க?"

பிறகு எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். மறுபடியும் நீதான். ஜெர்வஸ் சாமியே ஆமென் சொல்ல வேண்டியதாகிவிட்டது. அவர் குரல் எனக்குக் கேட்கவில்லை, காற்றாக இருக்கலாம்.

ஊரில் நீ இப்போது புனிதர். ரொட்டிக்காரி என்னைக் கூப்பிட்டு, "சாமியோட தம்பி, இந்தாங்க" என்று ஒரு முழு ரொட்டியைச் சும்மா கொடுத்தாள். என்னால் அதைத் தின்ன முடியவில்லை. என் கூட்டாளி டிக்கன் தின்றான்.

மூன்றாம் முறை கேட்க ஏல்மர் சாமியே வருகிறார். இந்த வயசில், இந்தப் பனியில், மாட்டு வண்டியில். நீ அழுதுகொண்டே தலைகுனிந்தால் போதும். நீ நினைத்தது நினைத்தபடி முடிந்துவிடும்.

ஆனால் சுவிசேஷத்தின் மேல் இருந்தது என் கை. நான் சொன்னது பொய் என்று உனக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும். சொல்லிவிடலாம் என்று இன்று இரண்டு தடவை மன்ற வாசல் வரை போய்த் திரும்பினேன். உன் வேலையை நான் செய்யக்கூடாது. ஒன்று மட்டும் எனக்குத் தெரிந்த வேலையிலிருந்து சொல்கிறேன். அடியில் தூக்குக்குண்டு ஒரு விரல் விலகினால், சுவர் ஏற ஏற அது முழக்கணக்கில் விலகும். நீ சாகும்வரை ஆயராக இருக்கப் போகிறாய்.

ஹேமோ


வெஸ்ட்மின்ஸ்டர்,
புனித தோமையார் திருநாளுக்கு ஆறு நாள் முன்பு

தம்பி ஹேமோவுக்கு,

ஏல்மர் சாமி வந்துவிட்டுப் போனார். அவரை முந்திக்கொண்டு இந்தக் கடிதம் உன்னிடம் வரவேண்டும் என்று அரசரின் தூதனிடம் கொடுத்திருக்கிறேன்.

பனியில் அவர் கால் மரத்துப் போயிருந்தது. அடுப்படியில் உட்காரவைத்து வெந்நீரில் கால் வைக்கச் சொன்னேன். அவர் என்னைப் பார்த்த பார்வையை உனக்குச் சொல்ல வேண்டும். சிலுவையைப் பார்ப்பதுபோல் பார்த்தார். "கேக்கட்டுமாப்பா?" என்றார். உன் கடிதம் சட்டைக்குள் இருந்தது.

"கேக்காதீங்க சாமி. மொதல்ல நான் சொல்லிடுறேன்" என்றேன். "எனக்கு அந்த எடம் வேணும். பதினாறு வயசுலேருந்து வேணும். நாற்காலி வேணும், மோதிரம் வேணும், நான் போறப்ப ஜனங்க முழங்கால் போடணும். ரெண்டு தடவை வேண்டாம்னது நீங்க மூணாந்தடவை கேப்பீங்கன்னுதான்."

"அப்ப உன் தம்பி பண்ணின சத்தியம்?"

"அவனுக்கும் அதே பொய்யத்தான் எழுதினேன். அவன் நம்பிட்டான். பொய் என்னோடது சாமி, சத்தியம் மட்டும்தான் அவனோடது."

ஆரம்பித்தபின் நிறுத்த முடியவில்லை. தோர்ன்பிக் கூரையைச் சொன்னேன். நான் கால் வைக்காத மற்ற நான்கு கோயில்களையும் சொன்னேன். இருபத்து நான்கு வருஷமாக இன்னொருவர் பெயரில் கட்டளை எழுதி, முத்திரை போட்டு, மூட்டை கட்டி அனுப்புகிறேன் என்றேன். எந்த ஊருக்குப் போயிற்று, அங்கே யார் அழுதார்கள், யார் சிரித்தார்கள் என்று ஒன்றுகூடத் தெரியாது. என் பெயரில் ஒரு கட்டளை போட்டு, அது போட்ட ஊரிலேயே இருந்து, என்ன ஆகிறது என்று பார்க்க வேண்டும். அதற்காகவும் எனக்கு அந்த இடம் வேண்டும் என்றேன். மோதிரத்துக்காக எவ்வளவு, இதற்காக எவ்வளவு என்று கேட்டால் எனக்கே தெரியாது. அதையும் சொன்னேன்.

அவர் கோபத்தில் காலை வெளியே எடுத்தார். துடைக்கவும் விடவில்லை. "இத்தனை தூரம், இந்தப் பனியில, ஒரு புனிதரைப் பாக்க வந்தேன்" என்றார். ஈரக் காலோடு செருப்பைப் போட்டுக்கொண்டு வண்டியில் ஏறினார். என்னிடம் எதுவும் கேட்கவில்லை. சம்மதமும் வாங்கவில்லை, மறுப்பும் வாங்கவில்லை. இந்த நாட்டில் எந்தக் காரியத்துக்கும் உள்ள எழுத்து முறை எனக்கு மனப்பாடம். இதற்கு மட்டும் ஒன்றும் இல்லை.

அந்த இடம் போய்விட்டது என்றுதான் நினைக்கிறேன். ஆனால் அவர் போனபிறகு விலாங்கு மீனும் பார்லிக் கஞ்சியும் கொண்டுவரச் சொல்லி, இரண்டாம் முறை வாங்கிச் சாப்பிட்டேன். ரொம்ப நாளாயிற்று அப்படிச் சாப்பிட்டு.

உனக்கு எழுதிய பொய்தான் எல்லாவற்றிலும் மோசமானது. அதற்கு மன்னிப்புக் கேட்கிறேன். இதில் முறை எதுவும் இல்லை. எழுதாதே என்றதை மறந்துவிட்டு எழுது. எந்தத் தோலில் வேண்டுமானாலும் எழுது.

அண்ணன்,
வைமண்ட்


ஆல்ட்பர்ன்,
கிறிஸ்து பிறப்புக்கு இரண்டு நாள் முன்பு

அண்ணனுக்கு,

முதலில் முடிவு. பதினொன்றுக்கு எட்டு. நீதான்.

எப்படி என்று இனிச் சொல்கிறேன். ஏல்மர் சாமி வண்டியிலிருந்து இறங்கி நேராக மன்றத்துக்குப் போய், நீ சொன்னதை ஒன்றுவிடாமல் சொல்லிவிட்டார். நான் மறுபடியும் சாரத்தில்தான். இந்த முறை அளவெடுக்க ஒன்றும் இல்லை.

ஜெர்வஸ் சாமி எழுந்தார். "வாய் விட்டு ஆசைப்படுறேன்னு சொல்றவனை ஆயராக்கினா ஊர் சிரிக்கும். இப்படி ஒரு வழக்கம் எங்கயும் கெடையாது."

அப்போது மூலையிலிருந்து யாரோ, "ஆசைப்படாதவங்க இந்த அறையில இருந்தா கையத் தூக்குங்கய்யா, அவங்களுக்கே கொடுத்துடலாம்" என்றார்கள். ஒரு கையும் எழவில்லை. ஜெர்வஸ் சாமியின் கை பாதி வரை வந்து தாடியைச் சொறிந்துவிட்டு இறங்கியது. சிரிப்பில் ஜன்னல் வழியாக ஒரு புறா பறந்து போனது.

அதன்பிறகு இரண்டு நாள் சண்டை. தோர்ன்பியை வைத்து உன்னைக் கிழித்தார்கள். எல்லாம் நியாயம்தான், நான் வெளியே நின்று தலையாட்டிக்கொண்டிருந்தேன். கடைசியில் எண்ணினார்கள். முன்பு இரண்டு தடவை பத்தொன்பதும் உனக்கு வந்தது. அப்போது யாருக்கு ஆமென் சொல்கிறோம் என்று ஒருவருக்கும் தெரியாது. இந்தப் பதினொரு பேருக்குத் தெரியும்.

ஏல்மர் சாமி அந்தப் பதினொன்றில் இல்லை. வெளியே வந்து, சாரத்துக்கு அடியில் நின்று அண்ணாந்து பார்த்தார்.

"எறங்கு மேஸ்திரி. ஒட்டுக்கேட்டது போதும்."

இறங்கினேன்.

"உங்க அண்ணனுக்கு நான் ஆமென் சொல்லல."

"கேட்டுச்சு சாமி."

"விசாரிக்காம சத்தியம் பண்ணினல்ல? ஏழு வெள்ளிக்கிழமை, ரொட்டியும் தண்ணியும். வேற ஒண்ணும் வாயில படக்கூடாது."

நியாயமான தண்டனை. ஒப்புக்கொண்டேன். ரொட்டி வாங்கப் போனால், அன்று சும்மா கொடுத்ததை ரொட்டிக்காரி திருப்பிக் கேட்கிறாள். டிக்கனைக் கேள் என்றேன்.

நாளை ஆட்கள் புறப்படுகிறார்கள். இந்த முறை ஒரே ஒரு தடவைதான் கேட்பார்களாம். உன் வாயிலிருந்து என்ன வரும் என்று எனக்குத் தெரியும். அதனால் அதைப் பற்றி எழுதவில்லை. அறையை மாற்றாதே என்று மட்டும் எழுதுகிறேன். எப்படியும் அதைக் காலி செய்யப் போகிறாய்.

உன் தம்பி,
ஹேமோ


ஆல்ட்பர்ன்,
தவக்காலத்தின் நான்காம் வாரம், செவ்வாய், 1244

அண்ணனுக்கு,

பேராயர் கையால் உனக்குத் திருநிலைப்பாடு நல்லபடி முடிந்தது என்று கேள்விப்பட்டோம். டிக்கன் பட்டறை மணியை அடித்தே உடைத்துவிட்டான். இனி உன்னை எப்படிக் கூப்பிட வேண்டும் என்று கேட்டு எழுத நினைத்தேன். வந்தபிறகு கேட்டுக்கொள்கிறேன்.

குருத்து ஞாயிறன்று நீ ஊருக்குள் வருகிறாய். கிழக்கு வாசலில் குதிரையை விட்டு இறங்கி, பேராலயக் கதவு வரை செருப்பில்லாமல் நடந்து வர வேண்டும். எல்லா ஆயர்களும் அப்படித்தான் வந்திருக்கிறார்கள். தொள்ளாயிரத்துப் பன்னிரண்டு அடி. அளந்துவிட்டேன். அதில் கடைசி இருநூறு அடி எங்கள் பட்டறையை ஒட்டிய தெரு. முப்பது வருஷமாகக் கல் செதுக்கிச் சிதறிய சில்லு முழுக்க அங்கேதான் கிடக்கிறது. ஒவ்வொன்றும் கத்தி.

நேற்று காலை ஆட்களைக் கூப்பிட்டுப் பெருக்க ஆரம்பித்தோம். ஜெர்வஸ் சாமி வந்து நின்றார்.

"இதெல்லாம் எதுக்கு மேஸ்திரி? ரெண்டு சொட்டு ரத்தம் வந்தா ஜனங்க மனசு உருகும்."

"நொண்டிக்கிட்டே பூசை வெச்சா ரொம்ப நேரம் ஆகும் சாமி. நீங்களும்தான நிக்கணும்" என்றேன். போய்விட்டார்.

பெருக்கினோம், வாரினோம், மண்வெட்டியால் மேல்மண்ணைச் சுரண்டினோம். ஒன்பது கூடை. கண்ணால் பார்த்து நம்புகிற ஆள் இல்லை நான். இன்று செருப்பைக் கழற்றிவிட்டு வாசலிலிருந்து கதவு வரை மூன்று தடவை நடந்தேன். முதல் தடவை ஐந்து சில்லு குத்தியது. இரண்டாம் தடவை இரண்டு. மூன்றாம் தடவை ஒன்றும் இல்லை. ஆட்கள் கைதட்டினார்கள்.

ஏல்மர் சாமி கிணற்றடியில் உட்கார்ந்து வெகுநேரமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். என்னோடு கிறிஸ்து பிறப்புக்குப் பிறகு அவர் பேசவே இல்லை. நான் செருப்பை மாட்டப்போனேன். அவர் கம்பை நீட்டினார்.

"அங்க ஒண்ணு கெடக்கு பாரு."

போய்ப் பார்த்தேன். இருந்தது. எடுத்துவிட்டேன்.

நீ வா.

உன் தம்பி,
ஹேமோ